துடைத்த இலையும் துடைக்காத இலையும்

கம்பெனி ஆபீசின் ஜன்னலோரத் தொட்டிச்செடியை அம்மா ஈரத்துணியால் இலை இலையாகத் துடைத்துக்கொண்டிருந்தாள். சாப்பாட்டுத் தூக்கோடு வாசலில் நின்ற எனக்கு எங்கள் கத்தரிக்கொல்லை ஞாபகம் வந்தது.

நான் எட்டாவது படித்தபோது இதே கம்பெனியின் கரித்தூசி எங்கள் கத்தரி இலைகளில் அப்பிக்கிடந்தது. செடி வெளுத்து, காய் சூம்பியது. பூச்சி என்று நினைத்து அப்பா அந்தக் கரியின் மேலேயே மருந்தடித்தார். வகுப்பில் அப்போதுதான் ஒளிச்சேர்க்கை நடத்தினார்கள். இலை வெயிலை வாங்கி, தண்ணீரையும் காற்றையும் சேர்த்து மாவாகச் சமைக்கும். அயோடின் விட்டால் அந்த மாவு கருநீலமாகும். ஒரு கிளையை மட்டும் ஒரு வாரம் துடைத்துவைத்தேன். டீச்சர் இரண்டு இலைகளை ஸ்பிரிட்டில் வேகவைத்து அயோடின் விட்டார். துடைத்தது கருநீலமானது. தூசி படிந்தது பழுப்பாகவே கிடந்தது.

இரண்டையும் டிபன் பாக்ஸில் வைத்துக்கொண்டு அப்பாவை கம்பெனி கேட்டுக்கு இழுத்துப் போனேன். மேனேஜர் திறந்துகூடப் பார்க்கவில்லை.

"மண்ணுல சத்து இல்லபா. உரம் போடு."

"இலைக்கு வெயிலே ஏறல சார்," என்றேன்.

"இன்னாடா, கத்திரிக்கா டாக்டரா நீ?" என்று வாட்ச்மேன் சிரித்தார். அப்பா கும்பிட்டுவிட்டு வந்து, மறுநாளே உரம் போட்டார். அந்த வருஷத்தோடு கொல்லை போயிற்று. அம்மா இங்கே பெருக்க வந்தாள்.

தூக்கை வாங்க வந்தவளிடம், "எதுக்குமா இத தெனம் தொடைக்கிற?" என்றேன்.

"தூசி படிஞ்சா செடிக்கு வெளிச்சம் ஏறாதாம்டா. மேனேஜரு சொன்னாரு."

"எந்த மேனேஜரு?"

"அவருதான்டா. அன்னிக்கு உரம் போடச் சொன்னாரே."