குளியலறைக்கு நீலம் கேட்டவர்

இதை நம்புங்கள் என்று யாரையும் கெஞ்சப் போவதில்லை. கடைக்காரன் சத்தியம் செய்தால் நானே நம்பமாட்டேன். ஆனாலும் சொல்கிறேன், இது நடந்தது. எனக்கு நடந்தது. அதுவும் பட்டப்பகலில். பேய்க்கு இருட்டு வேண்டும் என்கிறவர்கள் ஒருநாள் மதியம் என் கடையில் தனியாக வந்து உட்காரட்டும்.

என்னுடையது பெயின்ட் கடை. அப்பாவுக்குத் துணி, சித்தப்பாவுக்குப் பாத்திரம், மாமாவுக்கு இரும்பு. எங்கள் வீட்டில் கைக்குழந்தைகூடப் பேரம் பேசிவிட்டுத்தான் தூங்கும். வந்தவர் கேட்டதை எடுத்துக் கொடுப்பதில் என்ன சாமர்த்தியம் இருக்கிறது? கடையில் இருப்பதை அவர் வாயாலேயே கேட்க வைக்க வேண்டும். என்னை அப்படித்தான் பழக்கினார்கள்.

அந்த மதியத்துக்கு மூன்று வாரம் முன்பு பக்கத்துத் தெரு டீச்சர் தன் அப்பாவைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு வந்தார். குளியலறைச் சுவருக்கு வண்ணம் பார்க்க. பெரியவருக்குக் கண் மங்கிக்கொண்டே வந்தது. ஷேடு கார்டை மூக்கில் ஒட்டுகிற மாதிரி வைத்துக்கொண்டு ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தார். கால் மணி நேரம். கடைசியில் கருநீலத்தில் விரலை ஊன்றினார்.

"இது தெரியுது தம்பி. பாத்ரூம்ல பிடிச்சுக்கறதுக்கு வெள்ளைக் கம்பி போட்டிருக்கா இவ. சுவரு நீலமா இருந்தா கம்பி எனக்குப் பளிச்சுன்னு தெரியும்."

நல்ல மூளை. டாக்டருக்குக்கூடத் தோன்றாத யோசனை.

ஆனால் என் கடையின் மூலையில் இரண்டு டின் கிரீம் கலர் ஆறு மாதமாக உட்கார்ந்திருந்தது. ஒரு கான்ட்ராக்டர் கலக்கச் சொல்லிவிட்டு வேண்டாம் என்று போய்விட்டான். ஒருமுறை கலந்துவிட்டால் கம்பெனி திரும்ப எடுக்காது. யார் தலையிலாவது கட்ட வேண்டும்.

"ஐயோ டீச்சர், சின்ன பாத்ரூம்ல கருநீலமா? குகை மாதிரி ஆயிடும். சோப்புத் தண்ணி பட்டா திட்டுத்திட்டாத் தெரியும். அதோட அந்த நீலம் இப்ப ஸ்டாக் இல்ல, வர நாளாகும். கிரீம் எடுத்துக்குங்க, பாதி விலை போட்டுத் தர்றேன்."

டீச்சர் அப்பாவைப் பார்த்தார்.

"வெள்ளையில வெள்ளை எனக்குத் தெரியாதேம்மா..." என்றார் பெரியவர்.

"பாத்ரூம்ல உட்கார்ந்து படமா ஐயா பார்க்கப் போறீங்க?" என்றேன்.

டீச்சர் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். பெரியவர் சிரிக்கவில்லை. கிரீம் டின் இரண்டும் விலைபோயின. போகும்போது வாசலில் நின்று, "நீலம் வந்தா சொல்லு தம்பி" என்றார். கட்டாயம் ஐயா என்று தலையாட்டினேன்.

நீலம் எங்கேயிருந்து வர வேண்டும்? வெள்ளை பெயின்ட் இருந்தது, நீலச் சாயம் இருந்தது, கலக்கும் மெஷின் இருந்தது. நான்கு நிமிட வேலை.

அந்த மூன்று வாரமும் அந்தப் பொய் என்னைப் பிராண்டிக்கொண்டே இருந்தது. குளிக்கப் போனால் ஞாபகம் வரும். என் வீட்டுச் சுவரைத் தடவிப் பார்ப்பேன். "என்னங்க, சுவருக்கு சோப்பு போடறீங்களா?" என்று மனைவி கேலி செய்தாள். நாளைக்கு நீலம் கலந்து கொண்டுபோய் இனாமாகவே கொடுத்துவிடலாம் என்று தினமும் நினைப்பேன். தினமும் நாளைக்கு.

கோடை விடுமுறைக் காலம், அன்று வியாழக்கிழமை. வேலைக்காரப் பையன் லீவு. மதியம் சாப்பிட்டுவிட்டு ஷட்டரைப் பாதி இறக்கினேன். சுவர்க் கடிகாரத்தில் 2.38.

கல்லாவில் சாய்ந்து கண்ணை மூடினேன். வெயிலில் அனல் பறந்தது. தெருவில் ஒரு ஜீவன் இல்லை.

சர்ர்... சர்ர்...

அட்டையைத் தேய்க்கிற மாதிரி சத்தம்.

கண்ணைத் திறந்தேன். ஷேடு கார்டு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பெரியவர் நின்றுகொண்டிருந்தார். எனக்கு முதுகைக் காட்டி. கார்டை மூக்கருகே வைத்து விரலால் தடவிக்கொண்டிருந்தார். 2.41.

பாதி இறக்கிய ஷட்டருக்குள் இவர் எப்படிக் குனிந்து வந்தார்? கண்ணாடிக் கதவைத் தள்ளினால் மணி அடிக்குமே... அடிக்கவில்லையே?

"வாங்க ஐயா. தனியாவா வந்தீங்க?"

தோளில் துண்டு. காலில் செருப்பு இல்லை. தலைக்கு மேலே மின்விசிறி வேகமாகச் சுற்றியது. ஸ்டாண்டில் இருந்த கார்டுகள் எல்லாம் படபடத்தன. அவர் துண்டு மட்டும் ஆடவில்லை.

"நீலம் வந்துடுச்சா தம்பி?"

சட்டென்று எழுந்தேன். பயத்தில் அல்ல, வெட்கத்தில். பயம் அப்போது இன்னும் வரவில்லை.

"வந்துடுச்சு ஐயா. இதோ, உங்களுக்காக இப்பவே கலக்கறேன். காசே வேண்டாம்."

டின்னை மெஷினில் வைத்தேன். சாயம் சொட்டியது. மூடியை அடித்து, டின்னைக் குலுக்கும் மெஷினில் பூட்டினேன். கடகடகடவென்று கடையே அதிர்ந்தது. 2.44.

திரும்பிப் பார்த்தேன்.

பெரியவர் ஸ்டாண்டு பக்கம் இல்லை. பின்பக்க வெள்ளைச் சுவருக்கு முன்னால் நின்றார். இரண்டு உள்ளங்கையையும் சுவரில் பதித்து... தடவிக்கொண்டே... நகர்ந்தார்.

எதையோ தேடினார்.

"கம்பி எங்கப்பா?"

குலுக்கும் மெஷின் நின்றது. கடை நிசப்தம்.

அவர் காலடியில் தரை நனைந்திருந்தது. கணுக்காலில் இருந்து தண்ணீர் சொட்டியது.

சொட்... சொட்...

"கம்பி எங்கப்பா... ஒண்ணும் தெரியலையே..."

என் கடையில் கம்பி ஏது?

"கையைக் குடு தம்பி."

என் பக்கம் பார்க்காமலே வலக்கையைப் பின்னால் நீட்டினார். எனக்கும் அந்தக் கைக்கும் நடுவே ஆறடி இருக்கும். அவ்வளவுதான்.

"இதோ வர்றேன் ஐயா... அப்படியே நில்லுங்க" என்றேன்.

போகவில்லை.

கால் வரவில்லை.

"கையைக் குடு..."

அந்த விரல்கள் காற்றைப் பிசைந்தன.

நான் நின்றேன்.

"ஏன் தம்பி சும்மா நிக்கற?"

வழுக்கும் சத்தம்.

தட்.

யாரும் இல்லை. தரை காய்ந்து கிடந்தது. 2.46.

நான் அசைந்தபோது மணி மூன்றே கால். ஷட்டரைக்கூடப் பூட்டவில்லை. கலந்து வைத்த அந்த நீல டின்னை ஸ்கூட்டரில் காலுக்கிடையே வைத்துக்கொண்டு ஓட்டினேன். ஏன் எடுத்துக்கொண்டு போனேன் என்று கேட்காதீர்கள். கையில் எதையாவது கொண்டு போனால் கணக்குத் தீர்ந்துவிடும் என்று நினைக்கிற ஜென்மம் நான்.

டீச்சர் வீட்டு வாசலில் நான்கைந்து பேர். பக்கத்து வீட்டுக்காரர் என்னைப் பார்த்ததும் வழி விட்டார். உள்ளே கூடத்தில் பெரியவரைப் படுக்க வைத்து, கழுத்து வரைக்கும் போர்த்தியிருந்தார்கள். தலைமாட்டில் டீச்சர். பக்கத்தில் கூடையோடு காய்ந்த துணிகள்.

என்னை நிமிர்ந்து பார்த்தார். அழவில்லை.

"ஏண்ணா போயிட்டீங்க?"

"எங்க டீச்சர்... நான் எங்க போனேன்?"

"நான் மாடியில துணி எடுத்துக்கிட்டு இருந்தேன். பாத்ரூம் ஜன்னல் வழியா அப்பா குரல் கேட்டுச்சு. கம்பி தெரியலன்னாரு. இறங்கி ஓடத்தான் திரும்பினேன். அதுக்குள்ள உங்க குரல். 'இதோ வர்றேன் ஐயா, அப்படியே நில்லுங்க'ன்னு. எனக்குத் தெரியாதா உங்க குரல்?"

கடையில் நான் சொன்ன அதே வார்த்தைகள்.

"சரி, பெயின்ட் விஷயமா அண்ணன் வந்திருக்காரு போல, பிடிச்சுக்குவாருன்னு நின்னுட்டேன். மிச்சம் நாலு துணிதான் இருந்துச்சு. அதை எடுத்துக்கிட்டு வந்தேன்."

கடையைவிட்டு நான் நகரவே இல்லை என்று சொல்லியிருக்கலாம். அது உண்மை. ஆனால் கை நீட்டியவர் முன்னால் சும்மா நின்றது யார்? அதுவும் உண்மைதானே.

பக்கத்து வீட்டுக்காரர் மெல்ல டீச்சர் தோளைத் தொட்டார். "விடும்மா..."

டீச்சர் விடவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபம்கூட இல்லை அந்தப் பார்வையில். கணக்கு ஒத்து வராத பிள்ளையின் நோட்டைப் பார்ப்பது போல ஒரு பார்வை.

"பாத்ரூம் கதவு உள்ள தாழ் போட்டிருந்துச்சு. இந்தப் பக்கத்து வீட்டுக்காரர்தான் கடப்பாரை வச்சு உடைச்சாரு. அந்த ஜன்னல்ல பூனைகூட நுழைய முடியாது."

துணிக் கூடையைத் தள்ளி வைத்தார்.

"நீங்க எப்படிண்ணா வெளிய வந்தீங்க?"