நுரையீரலில் தண்ணீர்

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். செங்கல்பட்டில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் சொல்லிக் கொடுக்கிறவள். நானே இதைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள், சிரியுங்கள்.

என் மகள் கலாவுக்கு மார்பில் கட்டி. அறுத்து எடுத்தார்கள். அதில் சிறு துண்டுகளை ரோமமே இல்லாத வெளிநாட்டு எலிகளின் உடம்பில் வைத்து, நோய் நுரையீரலுக்குப் பரவுகிறதா என்று பார்க்கப்போவதாக டாக்டரம்மா சொன்னார். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கலாவோ சிரித்தாள். "அதுங்க எனக்கு ரத்த சொந்தம்மா. வெறுங்கையோட பாக்கப் போவாத, சீரு எடுத்துகினு போ."

மாசி மகத்தன்று ஓர் எலியை அறுத்துப் பார்ப்பதாக இருந்தது. கலா வாழ்க்கைப்பட்டது கோவளத்தில். அந்த வீட்டில் மாசி மகத்துக்கு மாமல்லபுரம் கடலில் முழுகாமல் இருக்க மாட்டார்கள். புண் இப்போதுதான் ஆறியிருக்கிறது, வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன், கேட்காமல் புருஷன் செல்வத்தோடு போய்விட்டாள். நான் முடிவு தெரிந்துகொள்ள ஆராய்ச்சிக்கூட வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன்.

வெயில் ஏறிய நேரத்தில் டாக்டரம்மா வெளியே வந்தார், முகம் சரியில்லை. கலாவின் கூண்டில் எலிகள் செத்துக் கிடக்கின்றனவாம். அறுத்துப் பார்த்தால் நுரையீரலில் கட்டியே இல்லையாம், தண்ணீர்தான் நிறைந்திருக்கிறதாம். குடிக்க வைத்த பாட்டில் அப்படியே இருக்கிறது, கூண்டும் நனையவில்லை. "மூழ்கிச் செத்த மாதிரி இருக்கும்மா" என்றார். நோய் பரவவில்லை என்று சந்தோஷப்பட வேண்டியவள், கடலில் முழுகப் போனவளை நினைத்து மாமல்லபுரம் பஸ்ஸைப் பிடித்தேன்.

கரையில் செல்வம் ஈர வேட்டியோடு அழுதுகொண்டிருந்தான். "அத்தே, அலை இழுத்துகினு பூடுச்சு. ரொம்ப நேரம் கண்ணுலயே படல. போய்ட்டான்னே நெனச்சேன்."

பக்கத்தில் கலா சுண்டல் தின்றுகொண்டிருந்தாள். ஓர் இருமல்கூட இல்லை. "இன்னாம்மா அப்படிப் பாக்குற? ஒரு சொட்டுத் தண்ணிகூட மூக்குல ஏறல."

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். கலா இன்றைக்கும் நன்றாகத்தான் இருக்கிறாள்.

அந்தக் கூண்டில் ஓர் எலி மட்டும் சாகவில்லை. அதை அறுக்க வேண்டாம் என்று டாக்டரம்மாவின் கையைப் பிடித்துக் கெஞ்சினேன், சரி என்றார். எலிக்கு ஆயுள் இரண்டு வருஷம்தான் என்று வகுப்பில் பாடம் நடத்துகிறவளே நான்தான். அடுத்த மாசி மகம் நெருங்குகிறது. அது இன்னும் இருக்கிறதா என்று போய்க் கேட்க எனக்குக் கால் வரவில்லை.