கால்சட்டை நுரைத்த மதியம்

ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில், கடல் கடந்து நாங்கள் குடியேறியிருந்த காஜா பெராங்கில் எங்கள் வீட்டில் ஆண்கள் இரண்டு பேர், கால்சட்டை ஒன்று. இத்தனைக்கும் நாங்கள் துணிக்கடைக்காரர்கள். இந்தியக் கப்பல் நின்று, இருந்த சரக்கும் தீர்ந்து, அலமாரியில் அந்துருண்டை மட்டும் மிஞ்சியபோது என் தகப்பனாரான அத்தா கடையைப் பூட்டினார். அவரும் அவருடைய தம்பியும், அதாவது என் சாச்சாவும், பக்கத்துத் தெங்கேராவில் சோப்புக் காய்ச்சும் சவுக்காரப் பட்டறை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார்கள்.

சீமைச் சவுக்காரம் வருவது நின்றுவிட்டதால் ஊரில் அதற்கு ஏகக் கிராக்கி. பட்டறையிலோ காய்ச்சுவதற்கு ஒரே கொப்பரை. அதனால்தான் நாளுக்கு மூன்று முறை ஆள் மாற்றி வேலை நடக்கிறது என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். காலை முறை அத்தாவுக்கு, மதிய முறை சாச்சாவுக்கு. அடுப்புப் பக்கம் கைலியோடு வரக்கூடாது என்பது முதலாளியின் சட்டம். ஆகவே அத்தா மதியம் வந்து கால்சட்டையைக் கழற்ற, சூடு ஆறுவதற்குள் சாச்சா அதற்குள் இறங்குவார். அத்தா குட்டை, சாச்சா நெட்டை. பாதிக் கெண்டைக்கால் வெளியே தெரிய அவர் கிளம்பும் அழகைப் பார்க்க நான் வாசலில் காத்திருப்பேன்.

“மத்தியானம் முழுக்க வெந்நீரத்தான் கிண்டுறோம்,” என்பார் சாச்சா. அவர் எதையும் வேடிக்கையாகச் சொல்கிறவர்.

மணி அடிக்கும்போது பட்டறையில் நிற்காதவன் பெயரை முதலாளி பேரேட்டிலிருந்து அடித்துவிடுவார். சாச்சா ஏற்கெனவே ஒரு முறை பிந்தியிருந்தார். இன்னொரு முறைக்கு மன்னிப்பில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

அப்படியிருக்க, ஒருநாள் அத்தா விரலளவு சவுக்காரத் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். எனக்கு வயது ஏழு; பெருமை தாங்கவில்லை. சாச்சா மரவள்ளிக்கிழங்கு தின்றுகொண்டிருந்த நேரத்தில், கழற்றிப் போட்டிருந்த கால்சட்டையைக் கிணற்றடிக்கு எடுத்துப் போய், துண்டு கரையும்வரை தேய்த்தேன். வாளி தூக்க முடியாததால் அலசவில்லை.

“அண்ணே, கால்சட்டைய இந்தப் புள்ள குளிப்பாட்டுது,” என்றார் சாச்சா.

அத்தா ஓடிவந்தார். என்னைத் திட்டக்கூட நேரமில்லை. “புழிஞ்சு போட்டுக்கிட்டுக் கெளம்பு. நானும் வாறேன்.”

சாச்சாவின் கையைப் பிடித்து, கைலியோடு, சாப்பிடாமலே அவர் நடந்தார். நான் பின்னால் ஓடினேன். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. சாச்சாவின் இரண்டு காலிலும் வெள்ளை வெள்ளையாக நுரை கிளம்பி வழிந்தது. கடைக்காரர்கள் வெளியே வந்து சிரித்தார்கள். சாச்சா அவர்களுக்கு சலாம் வைத்துக்கொண்டே ஓடினார். அத்தா மட்டும் சிரிக்கவில்லை.

காவலாளி மணியடிக்கச் சுத்தியலை ஓங்கியிருந்த சமயம் சாச்சா வாசலுக்குள் பாய்ந்தார். முதலாளி பேரேட்டில் குறித்துவிட்டுச் சாச்சாவின் காலைக் குனிந்து பார்த்தார். “பரவாயில்ல, நம்ம சரக்கு நல்லாவே நுரைக்குது,” என்றார்.

மூன்று முறை காய்ச்சியும் நம் வீட்டுக்கு ஏன் விரலளவுதான் வந்தது என்று அம்மாவிடம் நான் கேட்டது யுத்தமெல்லாம் முடிந்து, நான் வளர்ந்த பிறகு. பட்டறைக்குக் கிடைத்த எண்ணெய் ஒரு முறைக்கே போதாது என்றார் அம்மா. வேலையில்லாத ஆண்களை வழியில் பிடித்து, சயாமுக்கு ரயில் பாதை போட ஏற்றிப்போன காலம் அது. போனவர்களில் திரும்பியவர்கள் கொஞ்சம். பேரேட்டில் பெயர் இருந்தவனைத் தொடவில்லை; அதற்காகவே முதலாளி மூன்று முறைக்கு ஆள் சேர்த்திருந்தார். ஜப்பான் அதிகாரி திடீரென்று வந்து ஆள் எண்ணுவான் என்பதால்தான் மணி விஷயத்தில் அத்தனை கறார். சாச்சா மெய்யாகவே வெந்நீரைத்தான் கிண்டியிருக்கிறார்.

அன்று மணி அடித்ததும் அத்தா வாசல் சேற்றிலேயே உட்கார்ந்து சிரித்தார். சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர் வழிந்தது. சவுக்காரம் பட்டு எரிகிறதாக்கும் என்று நினைத்து, என் பாவாடை நுனியால் துடைத்துவிட்டேன்.