நான்சி கல்யாணத்துக்கு ஓர் ஊர்

டெய்சி இரண்டு கரண்டிகளுக்கு நடுவில் மாத்திரையை வைத்து நசுக்கினாள். பொடியைக் கஞ்சியில் கலந்து வடிகட்டி, கட்டிலில் சாய்ந்திருந்த கணவர் செல்வநாதனுக்கு அரைக் கரண்டியாக ஊட்டினாள். தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்த பிறகே அடுத்த வாய். முப்பத்தோரு வருடம் நர்ஸாக இருந்தவள். வாதம் அடித்து அவருடைய வலது பக்கம் விழுந்த அன்று, அழுவதற்கு முன்னால் மணியைப் பார்த்துக் குறித்துக்கொண்டவள்.

செல்வநாதன் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். டவுன்ஷிப் குவார்ட்டர்ஸைக் காலி செய்து மந்தாரக்குப்பத்தில் வாடகை வீட்டுக்கு வந்த எட்டாம் மாதம் இப்படி ஆனது. ஒன்றரை வருடமாகப் படுக்கை. பேச்சு குழறும்.

ஒரே மகள் நான்சி சென்னையிலிருந்து வந்திருந்தாள். தை மாதம் கல்யாணம். மாப்பிள்ளை பிராங்க்ளினின் சொந்தக்காரர்கள் நாலு நாட்டிலிருந்து வருகிறார்கள். எல்லாரும் ஒரே ஊரில் மூன்று நாள் தங்க வேண்டும். மாதா கோயிலில் பூசை, பிறகு விருந்து. ஊர்தான் முடிவாகவில்லை.

“கொடைக்கானல், வேளாங்கண்ணி, பாண்டி. மூணுல ஒண்ணும்மா” என்று நான்சி போனில் படங்களைத் தள்ளிக் காட்டினாள். “ஆனா அப்பாவால வர முடியுற ஊரா இருக்கணும். அவர் இல்லாம நான் கோயிலுக்குள்ள நடக்க மாட்டேன்.”

“கொடைக்கானலை இப்பவே அடிச்சிடு. அந்த மலை வளைவுல நல்லா இருக்கறவனே வாந்திக்குப் பை கேட்பான்.”

“அப்ப பாண்டி. ரெண்டு மணி நேரம்தான்.”

“உனக்கு ரெண்டு மணி நேரம். அவரால எவ்வளவு நேரம் முடியும்னு பாத்துட்டுச் சொல்லலாம்.”

அன்று மதியமே டெய்சி தெருமுனை கலியனின் காரை வரச் சொன்னாள். முன் சீட்டைச் சாய்த்து, இரண்டு தலையணை அண்டை கொடுத்து அவரை உட்காரவைத்தாள்.

“எங்க சிஸ்டரம்மா, ஆஸ்பத்திரிக்கா?” என்றார் கலியன்.

“இல்லப்பா. கல்யாணத்துக்கு ஒத்திகை.”

“அப்ப சாரை மாப்ள மாதிரி ஒக்கார வெச்சிகினு போலாம்.”

செல்வநாதனின் பாதி வாய் சிரித்தது. பத்து நிமிடம் வேடிக்கை பார்த்துக்கொண்டே வந்தார். நான்சியோடு பின் சீட்டில் இருந்த டெய்சி, கையை நீட்டி அவர் நாடியைப் பிடித்தபடி இருந்தாள். இருபதாவது நிமிடம் நெற்றி வியர்த்தது. வடலூர் நால்ரோட்டுக்கு முன்னாலேயே தலை தொங்கிவிட்டது.

“ஓரம் கட்டுப்பா!”

சீட்டை முழுக்கச் சாய்த்து, காலைத் தூக்கிப் பிடித்தாள். கொஞ்ச நேரத்தில் அவர் கண் திறந்தார். “இருபத்தாறு நிமிஷம்” என்றாள் டெய்சி. “வண்டியத் திருப்பு.”

வீட்டில் அவரைப் படுக்கவைத்ததும் நான்சி சமையலறைக்கு வந்தாள். “நம்ம டவுன்ஷிப் கோயில்லயே வெச்சிடலாம்மா. பிராங்க்ளின்கிட்ட நான் பேசிக்கிறேன்.”

“பூசை ஒண்ணேகால் மணி நேரம்டி. கோயில் அடுத்த தெருவுல இருந்தாலும் அவரால உக்கார முடியாது. எந்த ஊரும் அவருக்குத் தூரம்தான்.”

“படுக்க வெச்சே கொண்டுபோனா?”

“கொண்டுபோகலாம். வர்றவங்க எல்லாம் அவரைச் சுத்தி நின்னு அழுவாங்க. அதைப் பாக்கவா அவரைக் கூப்பிடுற?” அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள். “இன்னொண்ணும் கேட்டுக்கோ. அவருக்கு மாசாமாசம் விழுங்கறது கொறையுது. தை வரைக்கும் இருப்பார்னு என்னால சொல்ல முடியாது.”

நான்சி ஃப்ரிட்ஜ் ஓரமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். டெய்சி அவளை அழவிட்டாள். ஓய்ந்த பிறகு தண்ணீர் கொடுத்தாள்.

“அன்னிக்கு அவர்கிட்டயிருந்து உனக்கு என்ன வேணும்?”

“நெத்தியில சிலுவை போடணும்மா.”

கல்யாணத்தன்று கோயிலுக்குக் கிளம்பும்முன் பெண்ணின் நெற்றியில் அப்பா சிலுவை போட்டு ஆசீர்வதிப்பது அவர்கள் குடும்பத்தில் வழக்கம்.

“அதுக்கு ஊரு எதுக்கு? நாளைக்கே போடச் சொல்றேன். காலையிலதான் அவர் தெளிவா இருப்பார். நீ வேளாங்கண்ணின்னு முடிவு பண்ணிக்கோ.”

மறுநாள் காலை அவருக்கு முகச்சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டுவிட்டாள். நான்சி துப்பட்டாவால் தலையை மூடிக்கொண்டு கட்டிலோரம் முழங்காலிட்டாள். விழுந்துபோன வலது கையை டெய்சி தாங்கித் தூக்கினாள். செல்வநாதன் தலையை அசைத்து மறுத்தார். இடது கையைத் தானே கொண்டுவந்து, மகளின் நெற்றியில் மேலிருந்து கீழே ஒரு கோடு இழுத்தார். குறுக்கே இழுத்தது கோணலாகப் போனது.

பிறகு அவர் வாசலைப் பார்த்தார். சமையலறையில் பேசியது எதுவும் அவருக்குத் தெரியாது. சிலுவை போடுவது கல்யாணத்தன்று என்பது மட்டும் தெரியும்.

“வண்டி...” என்றார். “கோயிலுக்கு... வண்டி வந்துச்சா?”

நான்சி அம்மாவைப் பார்த்தாள். எந்த நோயாளியிடமும் டெய்சி பொய் சொன்னதில்லை. நான்சியை பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுபோக வந்த ஆட்டோ வாசலில் நின்றிருந்தது.

“வந்துடுச்சுங்க” என்றாள். “பொண்ணு கெளம்பிட்டா.”

நான்சி எழுந்து பையை எடுத்துக்கொண்டு போனாள். ஆட்டோ தெரு திரும்பும்வரை அவர் பார்க்கட்டும் என்று டெய்சி ஜன்னல் கதவு இரண்டையும் திறந்துவிட்டாள்.