திருவனந்தபுரம் எத்தனை தடவை?

ஜெயசித்ராவிடம் பொய் சொல்லித் தப்பித்தவர்கள் தென்காசி வட்டாரத்தில் ரொம்பக் குறைச்சல். போலீஸ்காரியா என்றால் இல்லை. புற்றுநோய்ப் பரிசோதனை முகாமில் வருகிறவர்களின் விவரத்தைப் பாரத்தில் எழுதுகிறவள். பதினோரு வருசமாக ஒரே கேள்வி: "உங்க குடும்பத்துல யாருக்காவது புற்று வந்திருக்கா?" பதினோரு வருசமாக ஒரே பதில்: "ஐயோ, எங்க வம்சத்துலயே கிடையாதும்மா!"

வம்சத்திலேயே கிடையாதாம்! அப்புறம் எப்படிச் செத்தார்கள் என்றால் மஞ்சள் காமாலை, அல்சர், இல்லையென்றால் யாரோ வைத்த செய்வினை. வீட்டில் கல்யாணத்துக்கு ஆள் இருந்தால் செத்தவர்களின் வியாதிகூட மாறிப்போகும். அதனால் ஜெயசித்ரா அந்தக் கேள்வியை ஒப்புக்குக் கேட்டுவிட்டு, பேனாவை மூடிக்கொண்டே சாவகாசமாகக் கேட்பாள்: "வைத்தியத்துக்குத் திருவனந்தபுரம் எத்தன தடவ போனிய?" பெரிய புற்றுநோய் ஆஸ்பத்திரி அங்கேதான்; மஞ்சள் காமாலைக்கு எவனும் செங்கோட்டையைத் தாண்டிக் கேரளா போக மாட்டான். "எட்டு தடவ" என்று வந்துவிட்டால் ஆள் அகப்பட்டாள். ஜெயசித்ரா மறுபடி பேனாவைத் திறப்பாள்.

பாரம் எதற்கு என்று டாக்டர் ஞானதுரை முகாமுக்கு முகாம் சொல்லுவார். "செல் ஒண்ணு ரெண்டாப் பிரியும்போது அதுக்குள்ள இருக்கிற மரபணுவப் பாத்து நகல் எடுக்கும். நகல்ல பிழை விழத்தான் செய்யும். வயசு கூடக்கூடப் பிழையும் சேரும், புகையில போட்டா இன்னும் சேரும். முக்காவாசி உடம்பே சரி பண்ணிக்கிடும். பிரியுதத நிறுத்துத பிரேக்லயே பழுது விழுந்தாத்தான் வம்பு. செல் நிக்காமப் பெருகிக் கட்டியாயிரும். அந்த பிரேக் ரெண்டு உண்டு. சில குடும்பத்துல ஒண்ணு பொறக்கும்போதே பழுது. அம்மா வழியிலயும் வரும், அப்பா வழியிலயும் வரும். அப்படியிருந்தா புற்று வந்தே தீரும்னு இல்ல. ஆனா குடும்பத்துல யாருக்கு, எந்த வயசுல வந்துதுன்னு தெரிஞ்சாத்தான் யார எப்ப பரிசோதிக்கணும்னு சொல்ல முடியும்."

ஜெயசித்ரா பக்தியோடு தலையாட்டுவாள். அவளுடைய அம்மா நாற்பத்திரண்டு வயதில் மார்பில் கட்டி வந்து செத்தவள். சித்திக்குச் சினைப்பையில். இந்த விவரம் எந்தப் பாரத்திலும் கிடையாது. மகள் அபர்ணாவைச் சுரண்டையிலிருந்து பெண் பார்க்க வந்தபோது, "உங்க அம்மாவுக்கு என்ன செஞ்சுது?" என்று அவர்கள் கேட்டார்கள். "காமாலை" என்று கண்ணிமைக்காமல் சொன்னவள் சாட்சாத் இந்த ஜெயசித்ராதான். ஆவணியில் கல்யாணம். மாப்பிள்ளை லிங்கேஸ்வரன், போலீஸ்.

ஆடியில் முகூர்த்தம் இல்லாததால் குற்றாலம் ரோட்டில் ஒரு கல்யாண மண்டபம் சும்மா கிடந்தது. முகாமை அங்கே போட்டார்கள். சாரலில் நனைந்தபடி வந்து அவள் முன்னால் உட்கார்ந்தது வேறு யாருமில்லை, மாப்பிள்ளையின் அம்மா சொக்கம்மாள்.

"நீங்க இங்கனயா மதினி வேல பாக்கிய?" என்று கேட்ட சொக்கம்மாளுக்கு முகம் வெளுத்துவிட்டது. பெயர், வயது, பிள்ளையின் பெயர், அவன் போன் நம்பர் எல்லாம் எழுதியாயிற்று. அந்தக் கேள்வி வந்தது.

"எங்க வம்சத்துலயே கிடையாது மதினி. அக்கா ஒருத்தி அல்சர்ல போனா. அவ்வளவுதான்."

சம்பந்தியாயிற்றே, இதோடு விட்டிருக்கலாம். பாழாய்ப்போன பழக்கம் விடவில்லை. "திருவனந்தபுரம் எத்தன தடவ போனிய?"

"ஆறு தடவ" என்ற சொக்கம்மாள் சட்டென்று நிமிர்ந்தாள். "அது எப்படி மதினி உங்களுக்குத் தெரியும்? நீங்க எத்தன தடவ போனிய?"

ஜெயசித்ரா பாரத்தைப் பார்த்தாள். இல்லை என்று சொன்னால் கல்யாணம் நடந்துவிடும், ஆனால் சொக்கம்மாளும் வாயைத் திறக்க மாட்டாள், பாரமும் பொய்யாகவே போகும். இந்தம்மாவை மூன்று வருசம் கழித்து வரச்சொல்லி அனுப்பிவிடுவார்கள். உண்மையைச் சொன்னால் அபர்ணாவின் கல்யாணம் இந்த மேசையிலேயே முறிந்துபோகும்.

"பதினாலு" என்றாள். "அம்மாவுக்குப் பத்து. சித்திக்கு நாலு."

சொக்கம்மாள் எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தாள். சொக்கம்மாளோ நாற்காலியை இன்னும் நெருக்கிப் போட்டாள். "அக்காவுக்கு முப்பத்தொம்பது வயசு. எங்க அப்பாகூடப் பொறந்த அத்தைக்கும் உண்டு. நீங்க யாருட்டயாவது விசாரிச்சுக் கண்டுபிடிச்சிருவியளோன்னு பெண் பாக்க வந்த அன்னைக்கு எனக்குச் சோறே எறங்கல."

ரெண்டு பேருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பக்கத்து வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"கல்யாணம் கல்யாணமா நடக்கட்டும்" என்று சொக்கம்மாள் குரலைத் தாழ்த்தினாள். "இது நமக்குள்ளயே இருக்கட்டும். பிள்ளையளுக்குத் தெரிய வேண்டாம்."

அந்த நிம்மதியில் ஜெயசித்ரா சரியென்று சொல்லத்தான் வாயெடுத்தாள். ஆனால் இத்தனை பேருக்கு வந்திருக்கும் குடும்பமென்றால் டாக்டரே பிள்ளைகளைப் போனில் கூப்பிட்டுப் பேசுவார். அவள் புதுப் பாரம் ஒன்றை உருவி, தன் பெயரை எழுதினாள். கீழே அபர்ணா, இருபத்துநாலு வயது என்று எழுதி, போன் நம்பருக்கு வந்தபோது கை நின்றுவிட்டது.

"ஒத்த நம்பர மாத்திப் போடுங்க மதினி. யாரு கண்டா?" என்றாள் சொக்கம்மாள்.

"சித்திக்கு வந்தத எங்க அம்மாட்ட யாரும் சொல்லல மதினி. தனக்குக் கட்டி வந்தப்போ சூட்டுக்கட்டின்னு ரெண்டு வருசம் வெளக்கெண்ணெய் போட்டுட்டுக் கெடந்தா."

பத்து எண்ணையும் சரியாக எழுதினாள். கண் நிறைந்து எழுத்து மங்கியது.

சொக்கம்மாள் அந்த நம்பரைப் பார்த்தாள். பிறகு தன் பாரத்தைத் தன் பக்கம் இழுத்து, விரலை வைத்துக் காட்டினாள்.

"லிங்கேஸ்வரன் நம்பர்ல கடைசியில ஏழு இல்ல மதினி, ஒண்ணு. திருத்திருங்க."