சளியாவது பிடிக்கட்டும்

வாய் கொப்பளிக்கும் காகிதக் குவளையில் பகடையைப் போட்டுக் குலுக்குகிறார் டோக்கன் அக்கா. பல் மருத்துவமனையின் மதிய இடைவேளை. வாசலைப் பூட்டியாகிவிட்டது. மேசைமேல் அவரே வரைந்த ஒரு கோட்டைப் படம். காலையெல்லாம் டோக்கன் கொடுத்து நோயாளிகளைக் கட்டி மேய்ப்பவர், இப்போது மருத்துவமனை ஆட்கள் கூடி ஆடும் கதை விளையாட்டை நடத்துபவர். ஆளுக்கொரு பாத்திரம். யாருக்கு எது என்று பகடை சொல்லும். அப்புறம் கதைக்குள் அவரவர் பாடு.

யாருக்காவது பிறக்கும்போதே எல்லாம் அமைந்துவிட்டால் இவருக்குக் கை அரிக்கும். பத்திரிகைத் தொடர்கதையின் ஓரத்தில் பென்சிலால் எழுதுவார்: 'அழகு, குதிரை, அரண்மனை. ராஜகுமாரனுக்குச் சளியாவது பிடிக்கட்டும்.' சிபாரிசோடு வருகிறவருக்கு முதல் டோக்கன் தருவார். உட்காரக் கால் ஆடும் நாற்காலியைக் காட்டுவார். கேட்டால், "ஈடு கட்டணும்ல" என்பார்.

அதற்காக எளியவனுக்கு மந்திர வாளைத் தூக்கிக் கொடுப்பவரும் அல்ல. "பாவம்னு வாளைக் குடுத்துட்டா, அப்புறம் வாள்தான் ஆடும். அவன் எங்க ஆடுவான்?"

இந்த முறை பகடை வம்பு செய்துவிட்டது. துப்புரவு வேலை பார்க்கும் அம்மாவுக்கு, இடியைக் கூப்பிடும் மந்திரவாதினி. டாக்டருக்கு, வாளி தூக்கும் எடுபிடி. அம்மா வழிநெடுக ஓநாய்களைப் பொசுக்கிக்கொண்டு வந்தார். டாக்டர் தண்ணீர் மொண்டுகொண்டு வந்தார்.

கடைசியில் வேலை இருப்பதாகச் சொல்லி எழுந்துவிட்டார் டாக்டர். இடம் அவருடையது. அவர் போனால் ஆட்டமும் போகும்.

அம்மா பதறிப்போனார். "வேணும்னா மந்திரக்கோலை நீங்களே வச்சுக்குங்க சார். எனக்கு வாளி பழக்கம்தானே."

டோக்கன் அக்காவின் முகம் இறுகியது. "மாத்துறதெல்லாம் கிடையாது. உக்காருங்க சார், கோட்டை வாசல் வந்துருச்சு."

வாசலில் மந்திரவாதினியைக் கண்டதும் காவலர்கள் மண்டியிட்டார்கள். கம்பளம் விரிக்கும்வரை, எக்காளம் ஊதுகிறவன் வரும்வரை, அரசன் குளித்து முடிக்கும்வரை அவரை ஓரடி நகரவிடவில்லை. இடியை இறக்கலாமென்றால், கும்பிடுகிறவன் தலையில் எப்படி இறக்குவது? அம்மா விழித்தார்.

"அப்ப நான்?" என்றார் டாக்டர், நின்றபடியே.

"உங்கள யாரும் பாக்கல சார்."

"யாருமேவா?"

போகிற இடமெல்லாம் ஆட்கள் எழுந்து நிற்பதைப் பார்த்தே பழகியவர் அவர். அந்தச் சொல்லை வாயில் போட்டுச் சுவைத்துப் பார்த்தார். பிறகு உட்கார்ந்தார். வாளியோடு கோட்டையின் சமையற்கட்டு வழியாக நழுவினார். பகடையும் ஒத்துழைத்தது. உட்கதவின் தாழ்ப்பாள் கைக்கு எட்டிவிட்டது.

காவலர்களுக்குக் கேட்டுவிடப் போகிறதே என்று குரலைத் தாழ்த்தி, அம்மாவின் பக்கம் திரும்பினார்.

"மேடம், சத்தம் போடாம இந்தப் பக்கமா வாங்க. நான் கதவைப் பிடிச்சுக்கறேன்."

அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். "வர்றேன், இருப்பா."

டோக்கன் அக்கா சட்டென்று மேசைக்கடியில் குனிந்து வெகுநேரம் எதையோ தேடினார். கீழே எதுவும் விழவில்லை.