சீலில் ஒட்டிய சந்தனம்

எங்கள் துணை மின்நிலையத்தின் கண்ட்ரோல் ரூமுக்கு சைபர் பாதுகாப்பு விதிகள் வந்த நாளிலிருந்து, அங்கே யாரும் யாரையும் நம்புவதில்லை. செல்போனை வாசலில் உள்ள பெட்டியில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கம்ப்யூட்டரில் பென் டிரைவ் செருகும் ஓட்டைகளுக்கெல்லாம் காகித சீல். சீல் கிழிந்திருந்தால் யாரோ எதையோ செருகியிருக்கிறார்கள் என்று பொருள். உடனே மேலிடத்துக்கு ரிப்போர்ட் போக வேண்டும். உள்ளே வைரஸ் புகுந்தால் அம்பத்தூரே இருட்டாகிவிடும் என்பார் எங்கள் அதிகாரி. விதியை நான் குறை சொல்ல மாட்டேன். அதைப் பிடித்துக்கொண்டு ஆடிய ஆளைத்தான் எனக்குப் பிடிக்காது.

ஆயுத பூஜையன்று எனக்கு லீவு. மறுநாள் காலை ஷிப்டுக்கு வந்தால், மெயின் கம்ப்யூட்டரின் சீல் கிழிந்து தொங்குகிறது. நான்தான் போய்ச் சொன்னேன். சொன்னவள் மேலேயே சந்தேகம் விழுந்தது. என்னுடையது ஒப்பந்த வேலை, அந்த மாதம்தான் புதுப்பிக்க வேண்டும். ரிப்போர்ட்டில் என் பெயர் போனால் அதோடு வேலையும் போச்சு.

"பையைக் கொட்டுங்கம்மா" என்றார் அதிகாரி. கொட்டினேன். டிபன் பாக்ஸையும் திறக்கச் சொன்னார். தயிர்சாதத்துக்குள்ளா பென் டிரைவ் இருக்கும்? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எனக்கும் ஒருவர் மேல் சந்தேகம் இருந்தது. மண்ணூர்பேட்டையிலிருந்து வரும் டெக்னீஷியன், முன்பெல்லாம் அந்தக் கம்ப்யூட்டரில் பென் டிரைவ் போட்டுப் பாட்டு கேட்பவர். அதிகாரி அந்தப் பக்கம் போனதும் அவரிடம் கேட்டே விட்டேன்.

"இன்னா மேடம், நீயுமா? என் பென் டிரைவு ஊட்ல டிவில கீது. வந்து பாத்துக்கோ."

நான் நம்பவில்லை. மறுபடியும் போய் சீலைக் குனிந்து பார்த்தேன். கிழிந்த ஓரம் மஞ்சளாக விறைத்திருந்தது. முகர்ந்தால் சந்தனம்.

"பூஜைல இதுக்குப் பொட்டு வெச்சது யாருண்ணா?"

"மொத பொட்டு எப்பவும் ஆபீசர் கையாலதான் மேடம். குரூப்ல போட்டோ வந்துச்சே, பாக்கலியா?"

வாசலுக்கு ஓடிப் பெட்டியிலிருந்து என் போனை எடுத்தேன். ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் படம் இருந்தது. குழைத்த சந்தனத்தோடு அதிகாரியின் விரல், சரியாக அந்த சீலின் மேல். மறு கையை நீட்டி அவரே எடுத்த செல்ஃபி. வாயெல்லாம் பல்.

கண்ட்ரோல் ரூமுக்குள் இருந்த அதிகாரியை வாசலுக்குக் கூப்பிட்டுக் காட்டினேன். படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்.

"ஈரத்துல பிஞ்சிருக்கும்" என்றார். பையைக் கொட்டச் சொன்னதற்கு ஒரு வார்த்தை இல்லை. "சரி விடுங்க. ரிப்போர்ட்ல உங்க பேரு போகாது."

சொல்லிக்கொண்டே, அந்தப் படத்தை குரூப்பிலிருந்து அழிப்பதற்காகத் தன் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். உள்ளேயிருந்து நேராக வந்தவர், பெட்டிப் பக்கம் போகவே இல்லை.

"அப்போ யாரு பேரு சார் போகும்?" என்று கேட்டேன்.